எந்த நாட்டுக் கிற்றார் நல்லது? வன்னியிலிருந்து வாங்கப் போகிறவர்களுக்கு

போன மாதம் முள்ளியவளையிலிருந்து ஒரு தம்பி போனில் இரண்டு படம் அனுப்பியிருந்தார். இரண்டும் எலெக்ரிக் கிற்றார், ஒரே வடிவம், ஒரே சிவப்பு. ஒன்றின் தலையில் இந்தோனேசியா என்று இருக்கிறது, மற்றதில் சீனா. இந்தோனேசியா என்று இருப்பது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விலை. “அண்ணை, எந்த நாடு நல்லது, எதை எடுக்க?” என்று கேட்டிருந்தார். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் தேவாலயப் பாடகர் குழுவிலும் திருவிழா மேடையிலும் வாசிக்கத் தொடங்குகிற பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். போனில் இரண்டு வரியில் சொல்லி முடிகிற காரியமில்லை, அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாட்டின் பெயர் உங்களுக்கு ஒரு ஊகத்தைத் தரும், அவ்வளவுதான். கொழும்பில் இருக்கிற ஒருவர் அந்த ஊகத்தை நம்பி வாங்கிப் பிழைபட்டால் ஓட்டோ பிடித்துத் திருத்துகிறவரிடம் கொண்டு போகலாம். எங்களுக்கு அப்படி இல்லை. ஆகவே எந்த நாட்டில் செய்ததென்று பார்ப்பதற்கு முன், இங்கே திருத்தக்கூடிய பிழை எது, இங்கே திருத்தவே முடியாத பிழை எது என்று பிரித்துப் பாருங்கள். கீழே எழுதுவது முழுக்க இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்.

இதை நான் படித்த விதம் கொஞ்சம் கசப்பானது. எனக்கு முதன்முதல் கிடைத்த எலெக்ரிக் கிற்றாரை வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் பழையதாக வாங்கிக் கொண்டுவந்து தந்தார். பெயர் போன நாடு, பெயர் போன கொம்பனி. பெட்டியைத் திறந்தபோது வீட்டில் எல்லோரும் கூடி நின்று பார்த்தோம். ஆனால் ஏழாவது பிரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுதான் பிரெட்) மேலே மெல்லிய கம்பியில் எந்தச் சுரத்தை அழுத்தினாலும் ‘ணிங்’ என்று செத்துப்போன சத்தம். கம்பி மாற்றினேன், உடம்பில் கம்பிகளைத் தாங்குகிற பிரிட்ஜை உயர்த்தினேன், கழுத்தை நிமிர்த்த அதற்குள் இருக்கும் இரும்புக் கம்பியை முறுக்கினேன், ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் ஒருநாள் பின்னேரம் வாசலில் நின்று, வெயில் சாய்ந்து விழுகிற நேரத்தில் தலைப்பக்கத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துக் கழுத்தின் ஓரமாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது: தடித்த கம்பிப் பக்கம் நூல் பிடித்த மாதிரி நேர், மெல்லிய கம்பிப் பக்கம் நடுவில் எழும்பி வளைந்திருக்கிறது. கழுத்து முறுகியிருந்தது. யாழ்ப்பாணத்திலும் காட்டினேன், கொழும்பிலும் காட்டினேன். விரல்பலகையைக் கழற்றி வேறு போடவேண்டும், அந்தக் காசுக்குப் புதிதாக ஒன்று வாங்கலாம் என்றார்கள். வயரிலோ சுவிச்சிலோ பிழை என்றால் இங்கேயே பின்னேரத்துக்குள் முடிந்திருக்கும்.

சரி, இனி ஒவ்வொன்றாக வருவோம்.

நாட்டின் பெயர் எதைச் சொல்கிறது

எலெக்ரிக் கிற்றார் ஆரம்பத்திலிருந்தே தொழிற்சாலைச் சாமான். பெண்டர் என்ற பெயர் போன கொம்பனியைத் தொடங்கிய லியோ பெண்டர் வாத்தியம் செய்கிற பரம்பரையில் வந்தவர் இல்லை, கலிபோர்னியாவில் புல்லர்டன் என்ற ஊரில் றேடியோ திருத்துகிற கடை வைத்திருந்தவர். 1950களின் தொடக்கத்தில் அவர் போட்ட வழியில் உடம்பு தனி, கழுத்து தனி, இரண்டையும் நான்கு திருகாணியால் பூட்டுவது. 1954இல் வந்த அவருடைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற மாதிரியும் அதே வழிதான். இப்படிப் பகுதி பகுதியாகச் செய்கிற ஒரு சாமானை, வரைபடமும் இயந்திரமும் இருந்தால் எந்த நாட்டிலும் செய்யலாம். பிறகு நடந்ததும் அதுதான்.

1982இல் பெண்டர் கொம்பனி ஜப்பானில் செய்யத் தொடங்கியது. மட்சுமோட்டோ நகரத்தில் இருக்கும் புஜிஜென் தொழிற்சாலைதான் முதலில் செய்தது. ஸ்குவையர் என்ற அதன் மலிவுப் பெயரில் வந்தவையும் அங்கேயிருந்துதான் தொடங்கின. அந்தக் காலத்து ஜப்பான் ஸ்குவையரை இன்றைக்கும் தேடித் தேடி வாங்குகிறார்கள். மலிவுப் பெயர், ஆனால் வேலை அவ்வளவு சுத்தம். 1985இல் பெண்டரை அதன் ஊழியர்களே ஒரு குழுவாக வாங்கியபோது பழைய புல்லர்டன் தொழிற்சாலை அவர்கள் கைக்கு வரவில்லை. கொரோனா என்ற ஊரில் புதிதாகத் தொடங்கி அது தலையெடுக்கும்வரை ஜப்பானில் செய்தவைதான் கொம்பனியைத் தாங்கின. 1987இல் மெக்சிக்கோவின் என்செனாடாவில் தொழிற்சாலை வந்தது. கொரோனாவிலிருந்து எல்லை தாண்டிக் காரில் சில மணிநேர ஓட்டம்தான். அதே கொம்பனி, கூலி மட்டும் வேறு.

இந்தக் ‘கூலி மட்டும் வேறு’ என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். மரத்தை வெட்டிக் குடைகிற வேலையை இன்றைக்குப் பெரிய தொழிற்சாலைகள் எல்லாவற்றிலும் கணினியால் ஓடும் இயந்திரம்தான் செய்கிறது, அதற்கு நாடு தெரியாது. அதற்குப் பிறகு வருவதுதான் கை வேலை: பிரெட்டை இறக்கி மேல்மட்டத்தைச் சமப்படுத்துவது, அதன் முனைகளை அராவி உருட்டுவது, கம்பி இருக்கும் பள்ளங்களைச் சரியான ஆழத்துக்கு இறக்குவது, கடைசியில் கம்பி போட்டு உயரம் பார்ப்பது. கூலி கூடிய நாட்டில் செய்த விலை கூடிய கிற்றாரில் இதற்கு நேரம் ஒதுக்கியிருப்பார்கள். விலை குறைந்ததில் அந்த நேரம்தான் முதலில் வெட்டுப்படும். ஆக நாட்டின் பெயர் கடைசி வேலைக்குச் செலவழித்த நேரத்தைப் பற்றிய ஒரு ஊகம். அங்கே வேலை செய்கிறவர்களின் திறமை குறைவென்று அதற்குப் பொருள் கொள்ளவேண்டாம்.

கொரியாவைப் பாருங்கள். 1980களிலும் 90களிலும் உலகத்தின் மலிவு, நடுத்தரக் கிற்றார்களில் பெரும்பங்கு அங்கேயிருந்துதான் போனது. ஆட்கள் கை தேர்ந்தார்கள், கூலியும் உயர்ந்தது, வேலை இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும் நகர்ந்தது. 2007இல் அங்கே ஒரு பெரிய கிற்றார்க் கொம்பனி தன் கொரியத் தொழிற்சாலைகளை மூடியபோது வேலையிழந்தவர்கள் 2019 வரை போராடினார்கள், தங்களுக்குள் ஒரு இசைக்குழுவே அமைத்து மேடையேறினார்கள். கிற்றார் வாங்கும்போது நாட்டைச் சொல்லி ‘அது குப்பை’ என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த மனிதர்கள்தான் நினைவுக்கு வருவார்கள்.

இன்றைக்கு எந்தக் கொம்பனி எங்கே செய்கிறது என்று சுருக்கமாகச் சொன்னால் இப்படி. கிப்சன் அமெரிக்காவில் நாஷ்வில், அதன் தம்பி எபிபோன் பெரும்பாலும் சீனா. பெண்டர் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அமெரிக்கா, மெக்சிக்கோ, ஜப்பான் மூன்றில் ஒன்று. ஸ்குவையர் என்றால் இந்தோனேசியா அல்லது சீனா. ஐபனீஸில் பிரெஸ்டீஜ் என்பவை ஜப்பான், பிரிமியம் என்பவை இந்தோனேசியா. பி.ஆர்.எஸ்.ஸின் எஸ்.இ. வரிசையில் பெரும்பாலானவையும், யமஹா பசிபிக்கா 112உம் இந்தோனேசியாதான். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் கைக்கு எட்டுவது பெரும்பாலும் இந்தோனேசியாவும் சீனாவும் என்பதால் அந்த இரண்டையும் பற்றி ஒரு வார்த்தை: இந்தோனேசியாவில் சுரபாயாவில் இருக்கும் கோர்ட் கொம்பனியின் தொழிற்சாலை தன் சொந்தப் பெயரிலும் செய்கிறது, ஐபனீஸ், ஸ்குவையர், பி.ஆர்.எஸ். என்று மற்றவர்களுக்கும் செய்து கொடுக்கிறது. பெயருக்குக் காசு கொடுக்க மனமில்லாதவர்கள் அந்தச் சொந்தப் பெயரில் வருவதைத் தயங்காமல் பார்க்கலாம். சீனாவில் செய்தவற்றில் ஏற்ற இறக்கம் மிகவும் அதிகம். மேசை போன்ற நேர்த்தியோடு வருவதும் உண்டு, ஒட்டுப்பலகையில் வர்ணம் அடித்து வருவதும் உண்டு. அதனால் சீனா என்று கண்டால் விட்டுப் போகவும் வேண்டாம், பார்க்காமல் வாங்கவும் வேண்டாம்.

முதல் வேலை: எழுத்தைப் படியுங்கள்

தலையின் முன்பக்கம் கொம்பனியின் பெயர், பின்பக்கம் நாடும் தொடர் இலக்கமும். கழுத்துப் பூட்டிய இடத்தில் இருக்கும் தகட்டிலும் சிலவேளை இருக்கும். ‘அமெரிக்காவில் வடிவமைத்தது’ என்ற கருத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அது செய்த நாடு இல்லை, வரைந்த நாடு. செய்த நாடு வேறு எங்காவது சின்ன எழுத்தில் இருக்கும். ஸ்குவையரில் தொடர் இலக்கம் ஐ.சி.எஸ். என்று தொடங்கினால் இந்தோனேசியா, கோர்ட் தொழிற்சாலை, அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு. ஐபனீஸில் எஃப் என்று தொடங்கினால் ஜப்பானின் புஜிஜென், ஐ என்று தொடங்கினால் இந்தோனேசியா. தொடர் இலக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு கொம்பனியின் இணையத்தளத்தில் தேடினால் பெரும்பாலும் ஆண்டு தெரியவரும்.

கிப்சன் என்று எழுதிய ஒன்று நம்ப முடியாத விலைக்கு வந்தால் ஒரு நிமிடம் பொறுங்கள். தலையில் மணி வடிவில் ஒரு சின்ன மூடி இருக்கும். உண்மையான கிப்சனில் அதற்கு இரண்டு திருகாணி, போலிகளில் மூன்று இருப்பதை நிறையக் காணலாம். மூடியைக் கழற்றினால் உள்ளே பித்தளை நட்டு தெரியவேண்டும். அறுகோணக் குழி தெரிந்தால் விட்டுவிடுங்கள். போலியாக இருந்தும் நன்றாக ஒலிக்கிற கிற்றார் இருக்கலாம், அது வேறு. போலிக்கு அசல் விலை கொடுப்பதுதான் துக்கம்.

இரண்டாவது: கழுத்து. இங்கேதான் நேரம் செலவழியுங்கள்

கடையில் பத்து நிமிடம் இருந்தால் ஏழு நிமிடம் கழுத்துக்குக் கொடுங்கள். கடைக்காரர் பொறுமை இழந்தாலும் பரவாயில்லை.

கிற்றாரைக் கிடையாகப் பிடித்து, தலைப்பக்கம் கண்ணுக்குக் கிட்ட இருக்க, உடம்பை நோக்கிப் பாருங்கள், ஒரு கண்ணை மூடிக்கொண்டு. தச்சர் பலகையைப் பார்க்கிற மாதிரித்தான். முதலில் தடித்த கம்பிப் பக்க ஓரம், பிறகு மெல்லிய கம்பிப் பக்க ஓரம். இரண்டும் ஒரே மாதிரி வளைந்திருந்தால் அது பிழையே இல்லை, உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியை முறுக்கிச் சரிப்படுத்தலாம். ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறுபக்கம் வேறு மாதிரியும் இருந்தால் முறுகல். எந்த நாட்டில் செய்திருந்தாலும், எவ்வளவு மலிவாகத் தந்தாலும் திருப்பி வையுங்கள்.

அடுத்தது, தடித்த கம்பியை முதலாவது பிரெட்டிலும் கடைசிப் பிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடியுங்கள். ஒரு கை போதாவிட்டால் கூட வந்தவரை அழுத்தச் சொல்லலாம். இப்போது கம்பி ஒரு அளவுகோல் ஆகிவிட்டது. ஏழாவது எட்டாவது பிரெட்டுக்கு மேலே கம்பிக்கும் பிரெட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி தெரியவேண்டும். எழுதுகிற தாள் இரண்டு மூன்று நுழைகிற அளவு, ஏறத்தாழ 0.2 இலிருந்து 0.3 மில்லிமீற்றர். இடைவெளியே இல்லாமல் ஒட்டியிருந்தாலோ, வங்கி அட்டை தாராளமாக நுழைகிற அளவு இருந்தாலோ, உள்ளே இருக்கும் கம்பியைக் கால் சுற்று முறுக்கிக் காட்டச் சொல்லுங்கள். வலப்பக்கம் முறுக்கினால் கழுத்து நிமிரும், இடப்பக்கம் தளர்த்தினால் குழியும். இது வேலை செய்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்கவேண்டும். முறுக்க இடமில்லாமல் இறுகிப்போன கம்பியும், உள்ளே உருவி வழுக்குகிற நட்டும் இங்கே யாராலும் எடுத்துச் சரிசெய்ய முடியாத வியாதிகள்.

கிப்சன் வடிவத்தில், எபிபோனும் அடக்கம், தலை பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். கழுத்தும் தலையும் சேருகிற இடத்தில் மரம் மெல்லியது, விழுந்தால் உடைவது அங்கேதான். பழையது வாங்கினால் அந்த இடத்தின் பின்பக்கத்தில் போன் வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்து, வர்ணத்தில் தலைமயிர் மாதிரிக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். நன்றாக ஒட்டிய உடைவு பல வருடம் நிற்கும், ஆனால் அதற்கேற்ற விலைதான் கொடுக்கவேண்டும்.

மூன்றாவது: பிரெட்

பெருவிரலையும் சுட்டுவிரலையும் கழுத்தின் இரண்டு ஓரத்திலும் வைத்து மேலேயிருந்து கீழே மெதுவாக வழித்துக்கொண்டு வாருங்கள். நல்ல வேலை என்றால் விரலுக்கு மரம் மட்டும்தான் தெரியும். அவசர வேலை என்றால் அரம் வழித்த மாதிரி ஒவ்வொரு முனையும் சுரண்டும். நான் முதலில் சொன்னேனே, நேரம் வெட்டுப்படுகிற இடம் என்று, அது விரலுக்குத் தெரிவது இங்கேதான். விலை கூடிய ஜப்பான், அமெரிக்கக் கிற்றாரில் முனைகள் பாக்கு மாதிரி உருண்டிருக்கும். அண்மைக் காலத்து இந்தோனேசியக் கிற்றார் சிலவற்றில் நான் அதே சுத்தத்தைக் கண்டிருக்கிறேன், பக்கத்தில் தொங்கிய அதே மாதிரியின் இன்னொன்றில் காணவில்லை. ஒரே தொழிற்சாலை, ஒரே ஆண்டு. அதனால்தான் கடையில் ஒரே மாதிரியில் மூன்று இருந்தால் மூன்றையும் இறக்கித் தரச் சொல்லி மூன்றையும் தடவிப் பாருங்கள் என்கிறேன்.

மேல்மட்டம் சமமா என்று பார்க்க வங்கி அட்டை போதும். தலைக்குக் கிட்டவாக அட்டையின் நீண்ட ஓரத்தை மூன்று பிரெட்டுக்கு மேலே கம்பிகளுக்கு நடுவே நிறுத்துங்கள். நடுப்பகுதியில் குட்டை ஓரத்தைப் பாவியுங்கள். அட்டை சமமாக நின்றால் நல்லது. பலகையின் கால் ஆடுகிற மாதிரி இருபக்கமும் ஆடினால் நடுவில் இருக்கும் பிரெட் உயர்ந்திருக்கிறது. ஒன்று உயர்ந்திருந்தால் பெரும்பாலும் சரிவர இறங்காத பிரெட், கை தேர்ந்தவர் அடித்து இறக்கலாம். ஐந்தாறு ஆடினால் முழுக் கழுத்தையும் சமப்படுத்தவேண்டும், அதற்குக் கொழும்புப் பயணம். பிறகு ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு பிரெட்டையும் அழுத்தி ஒருமுறை தட்டுங்கள், ஒன்றையும் விடாமல். ஆறு கம்பி, 21 அல்லது 22 பிரெட், நூற்றுச் சொச்சம் தட்டு. அம்ப் (கிற்றாரின் ஒலிபெருக்கி) போடாமலே கேட்கவேண்டும். எங்காவது சத்தம் செத்தால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நான்காவது: பூட்டும் மரமும்

கழுத்து உடம்போடு சேருகிற இடத்தில் இரண்டு பக்கமும் இடைவெளி பாருங்கள். தாள் நுழையாவிட்டால் நல்ல வேலை, நாணயக்குற்றி நுழைந்தால் அசட்டை. கழுத்தைப் பக்கவாட்டில் மெதுவாகத் தள்ளினால் மெல்லிய கம்பியோ தடித்த கம்பியோ ஓரத்தால் வழுக்கி விழக்கூடாது.

மரத்தைப் பற்றிக் கடைக்காரர் நிறையச் சொல்வார். ஆல்டர், மகோகனி, பஸ்வுட், பொப்லர் என்று. தொடக்கத்தில் இருப்பவர்கள் அதில் தலையைப் போட்டு உடைக்கவேண்டாம். முழு மரமா ஒட்டுப்பலகையா என்பது மட்டும் தெரிந்தால் போதும். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவத்தில் பின்பக்கப் பிளாஸ்ரிக் மூடியைக் கழற்றி ஸ்பிரிங் இருக்கும் குழிக்குள் வெளிச்சம் அடியுங்கள். வர்ணம் படாத இடத்தில் அடுக்கடுக்காகக் கோடு தெரிந்தால் ஒட்டுப்பலகை. ஒட்டுப்பலகையும் ஒலிக்கும், ஆனால் திருகாணி துளை நாளடைவில் தளர்ந்து பிடி விடும்.

ஐந்தாவது: இரும்பும் வயரும், இதில் பயப்படவேண்டாம்

தலையில் சுருதி சேர்க்கத் திருகுகிற ரியூனிங் கீ ஆடுகிறதா, பிரிட்ஜின் சின்னத் திருகாணிகள் துருப்பிடித்து இறுகிவிட்டனவா, இரண்டும் பாருங்கள். தலைக்குக் கிட்டக் கம்பி ஏறிப்போகும் வெள்ளைத் துண்டின் பள்ளம் ஆழமாகப் போயிருந்தால் கம்பியை அழுத்தாமல் தட்டும்போது முதலாவது பிரெட்டில் அதிரும். இவை எல்லாம் தபாலில் வரவழைத்து மாற்றக்கூடிய சாமான்.

மலிவுக் கிற்றாரில் நாடு எதுவானாலும் முதலில் போவது வயர் செருகுகிற ஜக்கும், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழும்தான். குமிழைச் சுற்றும்போது கரகரவென்று கேட்கும், ஜக்கை ஆட்டினால் சத்தம் போய்ப்போய் வரும். விலை கூடியதில் இந்தக் குமிழுக்குக் கீழே இருக்கும் பாகம் பெரியது, ஏறத்தாழ 24 மில்லிமீற்றர் அகலம். மலிவில் 16 மில்லிமீற்றர் சின்னது. இதைச் சொல்லி விலை குறைக்கலாம், ஆனால் இதற்காகக் கிற்றாரை விட்டுவிடவேண்டாம். போர் நடந்து பற்றறிக்குத் தடை இருந்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஊர் இது. மாங்குளமோ புதுக்குடியிருப்போ, றேடியோவும் ரிவியும் திருத்துகிற ஒருவர் இருப்பார், கிற்றாருக்குள் இருப்பது அவர் கைக்கு மிகச் சின்ன வேலை: இரண்டு மூன்று குமிழ், ஒரு சுவிச், ஒரு கபாசிற்றர், ஏழெட்டு வயர். படத்தை வரைந்து கொண்டுபோய்க் கொடுங்கள். லியோ பெண்டரும் றேடியோக் கடைக்காரர்தானே, உள்ளே இருக்கும் வேலை அந்தக் கைக்கு ஏற்றதாகத்தான் இருக்கிறது.

இரைச்சலைப் பற்றி ஒன்று. அம்பில் போட்டதும் உறுமுகிறது, கம்பியைத் தொட்டால் குறைகிறது என்றால் அது வழமை, வீட்டு மின்சாரத்தில் ஏர்த் சரியில்லாவிட்டால் இன்னும் கூடும். கம்பியைத் தொட்டால் உறுமல் கூடுகிறது என்றால் உள்ளே வயர் மாறிப் பற்றவைத்திருக்கிறது, திருத்துங்கள். பிளக்கின் ஏர்த் ஊசியை மட்டும் யார் சொன்னாலும் வெட்டவேண்டாம். திருவிழா மேடையில் ஜெனரேற்றரில் ஓடும்போது கம்பியில் கையும் மைக்கில் உதடுமாக நிற்கிறவர்கள் நீங்கள்தான். மேடையேறு முன் மின்சாரம் இருக்கிறதா என்று காட்டுகிற ரெஸ்ரரை மைக்கின் வலையில் வைத்துப் பாருங்கள், விளக்கு எரிந்தால் ஒலி அமைப்பாளர் சரிசெய்யும்வரை தொடவே வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வருவது

கனடாவிலோ லண்டனிலோ சுவிஸிலோ இருக்கும் மாமாவோ சித்தியோ வாங்கி வருகிறேன் என்றால் நல்ல வாய்ப்பு, அங்கே பழைய கிற்றார் நல்ல விலைக்குக் கிடைக்கும். ஆனால் கழுத்தை அவர்களால் பார்த்துச் சொல்ல முடியாது என்பதால் மூன்று படம் கேளுங்கள்: தலையிலிருந்து உடம்பை நோக்கி எடுத்த படம், தலைக்குப் பின்பக்கம், கடைசிப் பிரெட்டுகள் கிட்டத்தில். பிரெட்டில் கம்பி பட்ட இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் படத்தில் தெரியும். கிற்றாருக்கு மின்சாரம் தேவையில்லை, எந்த நாட்டில் வாங்கினாலும் இங்கே வேலை செய்யும். அம்ப் அப்படியில்லை. ஜப்பான் மின்சாரம் 100 வோல்ற், அமெரிக்காவும் கனடாவும் 120, எங்களுடையது 230. பின்பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிக்காமல் பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினால் ஒரே நொடியில் புகை. லண்டன், சுவிஸ் அம்ப் என்றால் பிளக்கை மாற்றினால் போதும். மற்றவற்றுக்கு அம்பின் வோற்ஸைத் தாங்குகிற ட்ரான்ஸ்போமர் வேண்டும், அதன் விலையையும் கணக்கில் சேருங்கள்.

கொழும்பிலிருந்து கொண்டுவருவதும் ஒரு வேலை. 300 கிலோமீற்றருக்கு மேல் இரவு பஸ்ஸில், கீழே சாமான் அறையில் போட்டால் அதற்கு மேலே யாருடைய அரிசி மூட்டை ஏறும் என்று தெரியாது. கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தி, தலைக்குக் கீழே சாரமோ துவாயோ மடித்து வைத்து, முடிந்தால் உங்களோடு மேலே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு, முதல் வருடம்

கடையில் எல்லாம் சரியாகப் பார்த்து வாங்கியது இங்கே வந்து மாறுவது ஏன் என்று பலர் கேட்கிறார்கள். மரம் ஈரத்தைக் குடிக்கும், விடும். கொழும்பின் கடல்காற்றில் இருந்த கிற்றார், சோளகக் காற்று அடிக்கிற வறண்ட மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு அறைக்குள் வந்தால் விரல்பலகை சுருங்கும், இரும்பு சுருங்காது. அப்போது பிரெட்டின் முனைகள் ஓரத்தால் வெளியே வந்து கையைக் கீறும். வாங்கும்போது மழுமழு என்று இருந்ததே என்று கடைக்காரரைத் திட்டவேண்டியதில்லை. மரத்தை நன்றாக உலர்த்திச் செய்ததா அவசரத்தில் செய்ததா என்பது உண்மையில் இந்த முதல் ஓகஸ்ட்டில்தான் தெரியும், நாட்டின் பெயரைவிட நம்பகமான சாட்சி அது. ஒக்ரோபரில் மாரி தொடங்கினால் மரம் மறுபடி ஊறும், கழுத்தின் வளைவு மாறும், கம்பி உயர்ந்து அல்லது தாழ்ந்து போகும். வருடத்தில் இரண்டு தடவை, சோளகம் தொடங்கியபின் ஒன்று, மாரி தொடங்கியபின் ஒன்று, நான் மேலே சொன்ன முதலாவது பிரெட், கடைசிப் பிரெட் சோதனையைச் செய்து கால் சுற்றுக்கு மேல் போகாமல் சரிசெய்யுங்கள். ஒரு கால் சுற்று, பிறகு ஒரு இரவு விட்டுப் பாருங்கள்.

சுவரில் கூரைக்குக் கிட்ட மாட்டவேண்டாம், வெக்கை முழுக்க அங்கேதான் நிற்கும். பெட்டிக்குள் வைத்துக் கட்டிலுக்குக் கீழே வைப்பது நல்லது, கறையான் பிடிக்காத இடமாகப் பார்த்து.

முனைகள் கீறத் தொடங்கினால் இங்கேயே சரிசெய்யலாம். நகை வேலை செய்பவரிடம் மெல்லிய தட்டை அரம் இருக்கும். விரல்பலகையில் மரம் தெரிகிற இடமெல்லாம் ஒட்டுநாடா ஒட்டி மறைத்து, அரத்தை ஓரத்தோடு சரித்துப் பிடித்து, ஒரே திசையில், ஒவ்வொரு முனைக்கும் நாலைந்து இழுப்பு. சோளகம் முடிகிற செப்ரெம்பரில் செய்யுங்கள், மரம் முழுதாகச் சுருங்கிய பிறகு அராவினால்தான் அடுத்த வருடம் மறுபடி தலைநீட்டாது. ஒட்டுநாடாவை உரிக்கும்போது மெதுவாக, கழுத்தின் நீளவாக்கில் உரியுங்கள். குறுக்காக இழுத்தால் விளிம்பில் வர்ணம் சேர்ந்து வரும்.

முள்ளியவளைத் தம்பி இரண்டு கிழமைக்குப் பிறகு மறுபடி போன் எடுத்தார். கொழும்புக்கே போய் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தாராம். சீனாவில் செய்ததன் கழுத்து நேர், அட்டை எங்கும் ஆடவில்லை, ஜக் மட்டும் தளர்ந்திருந்தது. இந்தோனேசியாவில் செய்ததில் ஒன்பதாவது பிரெட்டில் அட்டை ஆடியது, கடையில் அந்த மாதிரியில் வேறு இருக்கவில்லை. சீனாவில் செய்ததை எடுத்துக்கொண்டு, மிச்சக் காசுக்கு ஒரு சின்ன அம்பும் இரண்டு செட் கம்பியும் வாங்கி வந்திருக்கிறார். ஜக்கைத் தண்ணீரூற்றில் றேடியோக் கடையில் கொடுத்திருக்கிறார், நாளைக்குத் தருவார்களாம்.